குக்ரியும் அதை வடித்த கைகளும்

குக்ரி நேபாள மலைநாட்டுக் கத்தி. பிடியும் அலகும் சேர்ந்து சாதாரணமாக 15 முதல் 18 அங்குலம் இருக்கும். அலகு மட்டும் 10 முதல் 13 அங்குலம். முதுகுப்பக்கத் தடிமன் பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர். எடை அரைக் கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பிடியை விட்டுச் சற்று நேராகப் போகும் அலகு, நடுவில் வாய்ப்பக்கமாக வளைந்து, வளைவைத் தாண்டியதும் அகன்று, முனையில் கூம்பி முடிகிறது. கனம் முன்பாகத்தில் இருப்பதால் மணிக்கட்டை வீசினாலே கோடரி வீச்சின் வேகம் கிடைத்துவிடும். வளைவின் காரணமாக வாய் நேராக மோதாமல் சாய்வாக இறங்குகிறது; ஆகவே ஒரே வீச்சில் வெட்டும் அறுப்பும் சேர்ந்தே நடக்கின்றன. பிடியை ஒட்டிய நேரான பகுதி காய் நறுக்கவும் மூங்கில் சீவவும் ஏற்றது. மலையேறும் மனிதனால் மூன்று கருவிகளைச் சுமக்க முடியாது. அந்த மூன்றின் வேலையையும் ஓர் இரும்பில் அடக்கியதே இந்த வடிவத்தின் சாதனை.

தமிழ்நாட்டு நகரங்களில் விசில் ஊதிக்கொண்டு இரவுக் காவலுக்கு வந்த கூர்க்காக்களின் இடுப்பில் இந்தக் கத்தியைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. உலகெங்கும் இதன் பெயர் பரவியதும் ஏந்தியவர்களால்தான். கூர்க்கா படைவீரர்களின் வீரத்தோடு ஒட்டிக்கொண்டே குக்ரி புகழ் பெற்றது. இரும்பை அடித்த கொல்லருக்கும் உறை தைத்த தோல் தொழிலாளருக்கும் அந்தப் புகழில் பங்கு கிடைக்கவில்லை. ஆனால், இந்தக் கத்தியின் வரலாற்றில் போர்க்களம் சில அத்தியாயங்கள் மட்டுமே. மீதியெல்லாம் உலைக்களத்தில் நடந்தது.

வடிவத்தின் பிறப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டரின் படையோடு வந்த கோபிஸ் என்னும் கிரேக்க வாளின் வழித்தோன்றல் இது என்பது ஒன்று. இரண்டுக்கும் முன்னோக்கி வளைந்த அலகு இருப்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கியமான ஆதாரம். மலைக் குடியானவரின் கதிர் அரிவாள் படிப்படியாக நீண்டு, கனத்து, குக்ரியாக மாறியது என்பது இன்னொரு கருத்து. இதுவே பொருத்தமாகப் படுகிறது. எஞ்சியிருக்கும் பழைய குக்ரிகளில் ஹன்ஷீ எனப்படும் வகை நீளமாகவும் ஒல்லியாகவும் ஆழ்ந்த வளைவோடும் அரிவாளின் சாயலிலேயே இருக்கிறது; அகன்ற வயிறு பிற்காலத்து வளர்ச்சி. காத்மாண்டின் சௌனிப் பகுதியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் திரவிய ஷாவுடையது என்று சொல்லப்படும் ஒரு குக்ரி இருக்கிறது. அவர் கோர்க்காவைக் கைப்பற்றி அரசமரபைத் தொடங்கியது 1559-இல். அவர் வழிவந்த பிருத்வி நாராயண ஷா 1768-69-இல் காத்மாண்டு பள்ளத்தாக்கை வென்று இன்றைய நேபாளத்துக்கு அடித்தளமிட்டபோது, அவருடைய மலைப்படை வீரர்களின் இடுப்பில் இருந்தது இந்தக் கத்திதான்.

1793-இல் கிழக்கிந்திய கம்பெனியின் தூதராக நேபாளம் சென்ற வில்லியம் கிர்க்பாட்ரிக், 1811-இல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறிப்பிடுகிறார். நேபாளியர் ஒவ்வொருவரும் இடுப்பில் அணிந்திருந்த இக்கத்தி பெரும்பாலும் சிறு மரங்களையும் புதர்களையும் வெட்டவும் கிளைகளைக் கழிக்கவுமே பயன்பட்டது என்பது அவர் கண்டது. ஆங்கிலேயரோடு போர் மூளுவதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் கண்ட காட்சி என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. அன்று அது முதலில் வேலைக் கத்தி; பிறகுதான் ஆயுதம்.

நேபாள மலைக்கிராமங்களில் இன்றும் அப்படித்தான். விறகு பிளப்பது, மாட்டுக்குத் தழை கழிப்பது, மூங்கிலைப் பிளந்து கூடைக்கு நார் எடுப்பது, ஆட்டை வெட்டுவது, கோழியைத் துண்டு போடுவது எல்லாம் இதே கத்தியால் நடக்கின்றன. சில சமூகங்களில் மணமகன் இடுப்பில் குக்ரி இருந்தாக வேண்டும். கெட்ட கனவு வராமலிருக்கக் குழந்தையின் தலையணைக்கு அடியில் வைப்பதும் உண்டு. தசைன் பண்டிகையின் நவமியன்று கத்திகளுக்குப் பூசை நடக்கும். தமிழ்நாட்டில் ஆயுத பூசையன்று அரிவாளுக்கும் உளிக்கும் சந்தனம் இடும் அதே நாளில், நேபாளத்தில் குக்ரிக்குக் குங்குமம் இடுகிறார்கள். பண்டிகைப் பலிக்கென்று எருமையின் கழுத்தை ஒரே வீச்சில் துணிக்க இரண்டு அடிக்கும் மேற்பட்ட பெரிய குக்ரிகளும் செய்யப்பட்டன. அவை இரு கைகளால் பிடித்து வீசத்தக்கவை.

குக்ரியை அடிப்பவர்கள் காமி எனப்படும் கொல்லர்கள்; விஸ்வகர்மா என்ற பெயராலும் தங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். உறை செய்பவர்கள் சார்க்கி எனப்படும் தோல் தொழிலாளர்கள். இருவருமே ஊருக்குத் தேவையான பொருள்களைச் செய்து, கூலியாக அறுவடைக் காலத்தில் தானியம் பெற்றார்கள். பாலி என்று பெயர் பெற்ற இந்த முறையில், ஒவ்வொரு கொல்லர் குடும்பத்துக்கும் இன்னின்ன வீடுகள் என்று வரையறை இருந்தது. ஆண்டு முழுவதும் அந்த வீடுகளின் கலப்பைக் கொழுவையும் அரிவாளையும் குக்ரியையும் செய்து தரவும் தீட்டித் தரவும் வேண்டும். விளைச்சல் வந்ததும் களத்திலிருந்து மக்காச்சோளமோ நெல்லோ கேழ்வரகோ வந்து சேரும். தமிழ்க் கிராமங்களிலும் தச்சரும் கொல்லரும் களத்துமேட்டில் நெல் அளந்து வாங்கிய காலம் உண்டு. இரண்டிலும் குறை ஒன்றுதான்: வேலை எவ்வளவு கூடினாலும் அளக்கும் மரக்கால் கூடாது.

காமியின் உலைக்களத்தை ஆரன் என்கிறார்கள். சாய்வாக ஒரு கூரை, தரையில் குழிவாக ஓர் அடுப்பு, அதற்குக் காற்று ஊதும் ஆட்டுத்தோல் துருத்தி. பின்னாளில் கையால் சுழற்றும் விசிறி துருத்தியின் இடத்தைப் பிடித்தது. மரக்கட்டையில் அறைந்த சிறிய இரும்பு முளையே அடைகல். கொல்லர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுக்கியால் இரும்பைப் பிடித்துக்கொள்ள, எதிரே நிற்பவர் சம்மட்டி போடுவார். எரிபொருள் மரக்கரி. அந்தக் காலத்தில் இரும்பும் மலையிலேயே கிடைத்தது. ராமேசாப் மாவட்டத்தின் தோசே என்னும் ஊர் இரும்புச் சுரங்கத்துக்குப் பெயர் பெற்றது. இந்தியாவில் ரயில் பாதைகளும் லாரிகளும் பெருகியபின் கழிவு எஃகு மலைக்கு வரத் தொடங்கியது. இன்று நல்ல குக்ரிகளில் பெரும்பாலானவை லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து பிறப்பவை. நூற்றுக்கு சுமார் 0.6 பங்கு கரியும் கொஞ்சம் குரோமியமும் கலந்த எஃகு அது. அடியைத் தாங்கி மீளும் குணம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. பள்ளம் மேட்டில் ஓடும் வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே உருக்கப்பட்டது அல்லவா.

பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, உளி வைத்துத் தேவையான அளவு துண்டிப்பது முதல் வேலை. பிறகு மறுபடி மறுபடி காய்ச்சி, ஒரு முனையை நீட்டிப் பிடிக்குள் போகும் காம்பாக்குகிறார்கள். மற்ற முனையில் வயிற்றை அகலப்படுத்தி, முதுகை வளைத்து, வாய்ப்பக்கத்தை மெலிய அடிக்கிறார்கள். வாய் மெலிய மெலிய அந்தப் பக்கம் நீளும். அதனால் வளைவு நேராகப் பார்க்கும். ஆகவே அடிக்கும்போதே வளைவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். பழைய காமிகளுக்கு வரைபடமோ அச்சோ கிடையாது, கண்தான் அளவு. ஆங்கோலா என்னும் வகையில் அலகின் இரு பக்கங்களையும் உள்வாங்க அடித்து எடையைக் குறைப்பார்கள். வளைவை ஒட்டி மூன்று வாய்க்கால்கள் ஓடும் தின் சிரா என்னும் வகையும் உண்டு. அதற்கு மிகத் தேர்ந்த கை தேவை. ஒரு வாய்க்கால் கோணினாலும் உழைப்பு முழுவதும் வீண்.

வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவம் மாறுகிறது. கிழக்கு மலையின் போஜ்பூர் கத்தி அகன்று தடித்தது. சிருபாத்தே, சிரு என்னும் புல்லின் இலைபோல் ஒல்லியாகவும் இலேசாகவும் இருக்கும். மேற்கிலுள்ள சல்யான் பகுதிக்குத் தனி வடிவம் உண்டு. பழகிய கண், கத்தியைப் பார்த்தே அது எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடும்.

பிடியை ஒட்டி, வாய் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். நடுவில் ஒரு முனை துருத்திக்கொண்டிருக்க, இரு பக்கமும் குழிந்திருக்கும். இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பல: சிவனின் சூலம் என்பார்கள், பசுவின் குளம்பு என்பார்கள், இரத்தம் பிடிக்கு வழியாமல் தடுக்க என்பார்கள். கைத்தொழில் நோக்கில் பார்த்தால், தீட்டும் வாய் எங்கே முடிய வேண்டும் என்பதை அது காட்டுகிறது; சாணைக்கல் பிடிவரை ஓடிப் பூணைத் தேய்த்துவிடாமலும் காக்கிறது. சமய விளக்கங்களைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கருவியைச் செய்தவரும் வைத்திருந்தவரும் அதில் தெய்வத்தைக் கண்டதும் வரலாறுதான்.

இவ்வளவும் முடிந்தபின் வருவது தோய்ச்சல். கத்தியின் உயிர் இதில்தான் இருக்கிறது. அலகைச் சிவக்கக் காய்ச்சி முழுவதுமாகத் தண்ணீரில் முக்குவது பல நாடுகளின் முறை. காமி அப்படிச் செய்வதில்லை. குழல்மூக்குக் கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீரை வாயின் மேல் மட்டும் ஊற்றுகிறார். வயிற்றுப் பகுதியில் கூடுதலாக, முனையிலும் பிடியோரத்திலும் குறைவாக, முன்னும் பின்னும் கெண்டியை ஆட்டியபடி ஊற்றுவார். வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. தடித்த முதுகு தன் சூட்டை வைத்துக்கொண்டு மெதுவாக ஆறுவதால் இளகலாகவே நிற்கிறது. முதுகில் தேங்கிய சூடு மெல்ல வாய்ப்பக்கம் ஏறும்போது, வாயின் மிகை விறைப்பும் சற்றுத் தணிகிறது. வெட்டும் இடத்தில் கூர் நிற்க வேண்டும். அடி வாங்கும் இடம் உடையாமல் வளைந்துகொடுக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு குணங்களையும் ஒரே இரும்பில் வரவழைக்கிற நுட்பத்துக்குத் தேவைப்படுவது ஒரு கெண்டித் தண்ணீரும், சிவப்பின் நிறத்தைப் படிக்கத் தெரிந்த கண்ணும் மட்டுமே. வெயிலில் நிறம் தெரியாது என்பதால் இதை நிழலான மூலையில் செய்வார்கள். உலோகவியல் நூல்கள் இந்த மாற்றத்துக்கு மார்ட்டென்சைட் என்று பெயரிடும் முன்பே, எழுத்தறியாத கொல்லர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டார்கள். இந்தத் தொழிலை அறிவுக் குறைவானது என்று ஒதுக்கியவர்கள் எவ்வளவு பெரிய அறிவை ஒதுக்கினார்கள் என்பதற்கு இந்தக் கெண்டி ஒன்றே சாட்சி.

பிடிக்கு எருமைக் கொம்பு, எலும்பு, சீசம் போன்ற கடினமான மரங்கள் பயன்படுகின்றன. பழைய முறையில் காம்பு ஊசிபோல் குறுகியிருக்கும். பிடிக்குள் துளையிட்டு, சூடாக்கிய காம்பைச் செலுத்தி, இடுக்குகளில் லாஹா என்னும் அரக்குப் பசையை நிரப்புவார்கள். காம்பு பிடியின் அடிவரை ஊடுருவினால், அங்கே ஒரு தகட்டின் மேல் நுனியை அடித்து மடக்கிவிடுவார்கள். அலகும் பிடியும் சேருமிடத்தில் பித்தளைப் பூண். பிடியின் நடுவில் வரிவரியாகக் கடைந்த வளையங்கள், கை வழுக்காமலிருக்க. நேபாளக் கிராமக் கத்திகளின் பிடி அந்நியருக்குச் சிறியதாகத் தோன்றும். அது மலைவாசிகளின் கையளவுக்குச் செய்தது. பிற்காலத்துப் பானாவால் வகையில் காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் ஓடும். இரு பக்கமும் கொம்போ மரமோ வைத்துத் தறையால் பிணைத்திருப்பார்கள். முரட்டு வேலைக்கு இது உறுதி.

அலகு முடிந்ததும் உறை வேலை சார்க்கியின் கைக்குப் போகிறது. உறைக்குத் தாப் என்று பெயர். ஒவ்வொரு குக்ரியும் கண்ணளவில் அடித்ததாகையால் ஒன்றின் வளைவு இன்னொன்றுக்கு இராது. ஆகவே உறையை முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. இலேசான மரத்தில் இரண்டு பலகைகளை எடுத்து, குறிப்பிட்ட அந்த அலகை மேலே வைத்துக் கோடிட்டு, உட்புறத்தைக் குடைகிறார்கள். வயிற்றின் அகலம் உறையின் வாயைக் கடந்து வரவேண்டியிருப்பதால் குடைவு தளர்வாக இருக்கவேண்டும். அதே நேரம் கவிழ்த்தால் கத்தி நழுவக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவைப் பிடிப்பதுதான் உறைகாரரின் திறமை. இரண்டு பலகைகளையும் ஒட்டியபின், பதப்படுத்திய எருமைத்தோலை ஈரமாக இழுத்துப் போர்த்திப் பின்புறம் தைக்கிறார்கள். காயக் காயத் தோல் மரத்தை இறுகக் கவ்வுகிறது. முனையில் ஒரு பித்தளைத் தொப்பி. தோலின் மேல் அழுத்திய கோலங்களும் பின்னல் வேலையும் சிலவற்றில் மிக நேர்த்தியாக இருக்கும்.

உறையின் பின்பக்கம் இரண்டு சிறு அறைகள் உண்டு. ஒன்றில் கர்தா என்னும் சிறு கத்தி. தோல் உரிக்கவும் முள் எடுக்கவும். மற்றொன்றில் சக்மக் என்னும் கூரில்லாத எஃகுத் துண்டு. குக்ரியின் வாய் மடங்கினால் அதில் தேய்த்து நிமிர்த்திக்கொள்ளலாம். கல்லில் உரசினால் தீப்பொறி வரும். பழைய உறைகளில் மூன்றாவதாக ஒரு சிறு தோல் பையும் இருந்தது. சிக்கிமுக்கிக் கல்லும் தீப்பற்றும் பஞ்சும் அதில் இருக்கும். காட்டில் இராத் தங்கும் மனிதனுக்கு வேண்டிய தீயும் கூரும் ஒரே உறையில் சேர்ந்திருந்தன.

உறையிலிருந்து கத்தியை எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உறையைச் சுற்றி விரல்களை வளைத்துப் பிடிக்கக்கூடாது. முதுகுப்பக்கம் மட்டுமே பிடிக்க வேண்டும். வளைந்த அலகு வெளியேறும்போது வாய் உறையின் ஓரத்தை உரசிக்கொண்டே வரும். மரம் தேய்ந்த பழைய உறையாக இருந்தால் தோலையும் கிழித்து விரலில் இறங்கிவிடும். உருவிய குக்ரி இரத்தம் பார்க்காமல் உறைக்குத் திரும்பாது என்ற கதை இதைவிடப் பிரபலம். ஆனால் நாளுக்குப் பத்து முறை தழை வெட்டவும் வெங்காயம் நறுக்கவும் எடுக்கப்படும் கத்திக்கு அப்படி ஒரு விதி இருந்திருக்க முடியாது.

செல்வர்களுக்கும் அதிகாரிகளுக்குமான உறைகளில் மூன்றாவது கைவினைஞர் சேர்ந்தார். கோதிமோரா எனப்படும் அந்த வகையில், வெல்வெட்டு போர்த்திய உறையின் மேல் வெள்ளியில் தெய்வ உருவங்களும் கொடிக்கோலங்களும் சரிகைபோல் இழைக்கப்பட்டிருக்கும். காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் பொற்கொல்லர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது கோதிமோரா பரிசளிப்பது கூர்க்கா படைப்பிரிவுகளின் வழக்கமாயிற்று. இங்கிலாந்தின் பல வீடுகளில் அவை சுவரை அலங்கரிக்கின்றன. அழகு என்ற முறையில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் வெள்ளியைப் பார்க்கிற கண் உள்ளேயிருக்கும் இரும்பைப் பார்க்காமலே போய்விடுகிறது.

போர்க்களத்துப் புகழ் 1814-இல் தொடங்கியது. நவம்பரில் கம்பெனி நேபாளத்தின் மீது முறைப்படி போர் அறிவிக்கும் முன்பே, டேராடூனுக்கு அருகிலுள்ள நாலாபானிக் கோட்டையின் மீது அக்டோபர் 31-இல் தாக்குதல் நடந்தது. பலபத்ர குன்வர் தலைமையில் பெண்கள், குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 600 பேர் உள்ளே இருந்தார்கள். முதல் நாளிலேயே ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி கொல்லப்பட்டார். ஒரு மாதம் தாக்குப்பிடித்த கோட்டை, தண்ணீர் வழியை அடைத்தபின்னரே விழுந்தது. எஞ்சிய சுமார் 70 பேர் முற்றுகையை ஊடுருவி வெளியேறினார்கள். வென்றவர்களே தங்கள் தளபதிக்கும் பலபத்ரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் நினைவுத் தூண் எழுப்பினார்கள். போர் முடியும் முன்பே, 1815-இல், நேபாள மலைவாசிகளைக் கொண்டு கம்பெனி படைப்பிரிவுகளை அமைக்கத் தொடங்கியது. போரை முடித்த சுகௌலி உடன்படிக்கை 1816 மார்ச்சில் உறுதியானது.

அந்த வீரர்கள் முதலில் தத்தம் ஊர்க் குக்ரியோடு வந்தார்கள். படை பெருகப் பெருக, அரசு ஒரே அளவில் வழங்கும் குக்ரி தேவைப்பட்டது. முதல் உலகப்போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூர்க்காக்கள் பணிசெய்தார்கள். ஆரன்களால் மட்டும் அத்தனைக் கத்திகளைக் கொடுத்திருக்க முடியாது. அலகில் எண்ணும் ஆண்டும் ஆய்வு முத்திரையும் பொறித்த ராணுவக் குக்ரிகள் இந்தியாவில் பெருமளவில் தயாராயின. இரண்டாம் உலகப்போரின்போது, 1943-இல், ராணுவக் குக்ரியின் மூன்றாம் மாதிரி வந்தது. அதே 1943 மே மாதம் பர்மாவின் சின் மலையில், பல காயங்களோடு எதிரியை நெருங்கிப் போரிட்டதற்காகக் கூர்க்கா வீரர் கஜே காலே விக்டோரியா சிலுவை பெற்றார். 1947 நவம்பரில் பிரிட்டனும் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பத்து கூர்க்கா ரெஜிமென்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. இரு நாட்டுப் படைச்சின்னங்களிலும் குறுக்காக வைத்த குக்ரிகள் நிலைத்தன.

ஒரே அளவு என்ற ராணுவத் தேவை கைத்தொழிலை மாற்றியது. வட்டார வடிவங்களின் இடத்தில் ஒரு பொதுவடிவம் வந்தது. உறையும் அளவெடுத்துத் தைக்கும் நிலையிலிருந்து எந்தக் கத்திக்கும் பொருந்தும் நிலைக்கு இறங்கியது. நேபாள அரசும் தன் படைக்கெனக் கத்திகளைச் சேர்த்துவைத்தது. காத்மாண்டின் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில் ராணா பிரதமர்களின் ஆட்சிக்காலத்துக் குக்ரிகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. 2003-இல் அந்த ஆயுதக் கிடங்கின் சரக்கு முழுவதையும் அமெரிக்க வணிகர்கள் வாங்கிச் சென்றார்கள். 19-ஆம் நூற்றாண்டுக் காமிகளின் கைவேலையைப் பெருந்தொகையாகக் காண இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம்தான் போகவேண்டியிருக்கிறது. நாட்டுக்கு இது பெரிய இழப்பு.

சமூக நிலையில் இந்தத் தொழிலாளர்கள் பட்ட பாடு கத்தியின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணா 1854-இல் இயற்றிய முலுகி ஐன் என்னும் சட்டம், காமியையும் சார்க்கியையும் தீண்டத்தகாத சாதிகளின் வரிசையில் வைத்தது. அவர்கள் தொட்ட தண்ணீரை மேல்சாதியார் குடிக்கக்கூடாது. கோயிலுக்குள்ளும் பிறர் வீட்டுக்குள்ளும் அவர்கள் நுழையக்கூடாது. அவர்கள் அடித்த குக்ரி பூசையறையில் குங்குமம் ஏற்றது. அடித்தவர் வாசலுக்கு வெளியே நின்றார். 2006 இறுதிவரை நேபாள அரசுச் சின்னத்திலேயே குறுக்காக வைத்த குக்ரிகள் இருந்தன. நாட்டின் அடையாளமாகவே ஒரு பொருளை உயர்த்திய அரசு, அதைச் செய்தவர்களைச் சட்டத்தால் தாழ்த்தி வைத்தது கொடுமை. 1963-இல் வந்த புதிய முலுகி ஐன் சாதியடிப்படைத் தண்டனை முறையை நீக்கியது. 2011-இல் தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் தனிச்சட்டம் வந்தது. சட்டம் மாறிய அளவுக்குக் கிராமம் மாறவில்லை.

இன்று குக்ரித் தொழில் முக்கியமாகப் போஜ்பூர், தரான், காத்மாண்டு பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் நடக்கிறது. தரானில் பிரிட்டிஷ் கூர்க்கா முகாம் இருந்தவரை படைக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் கத்தி செய்வது நிலையான பிழைப்பு. முகாம் மூடப்பட்டபின் அந்த வளாகம் 1993-இல் பி.பி. கொய்ராலா சுகாதார அறிவியல் கழகமாயிற்று. கத்திப் பட்டறைகளோ சுற்றுலாப் பயணிகளையும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களையும் நம்பத் தொடங்கின. வாடிக்கையாளர் அனுப்பும் அளவுக்கு ஏற்ப 20 அங்குல அலகும் அதற்கென்றே தைத்த உறையும் செய்து கடல்கடந்து அனுப்புகிறார்கள். மின்சாரச் சாணையும் மின்விசிறி உலையும் வந்துவிட்டன. தோய்ச்சல் மட்டும் நல்ல பட்டறைகளில் இன்னும் கெண்டித் தண்ணீர்தான். இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். சிவப்பின் நிறம் பார்க்கக் கற்க ஆண்டுகள் ஆகும். வெளிநாட்டுச் சம்பளம் அடுத்த மாதமே வரும். மகன் திரும்பி வந்து துருத்தியைத் தொடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கடைத்தெருவில் விற்கும் குக்ரிகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. சுற்றுலாக் கடைகளின் மலிவான சரக்குக்குத் தோய்ச்சலே இருக்காது. தகடாக வெட்டி, சாணையில் தேய்த்து, பளபளப்பேற்றி, சிங்க முகப் பிடி பொருத்தியிருப்பார்கள். நல்ல கத்தியின் வயிற்றில் அரம் வழுக்கும், முதுகில் பிடிக்கும். உறையில் செருகித் தலைகீழாகப் பிடித்தால் விழாது. குலுக்கினால் ஓசை வராது. பிடியின் பூணுக்கும் கொம்புக்கும் நடுவே நகம் நுழையாது.

பழைய குக்ரிகளில் படைப்பிரிவின் பெயர் இருக்கும், கிடங்கு எண் இருக்கும், சிலவற்றில் ஆளும் பிரதமரின் பெயர்கூட இருக்கும். அடித்தவரின் பெயர் இருக்காது. அண்மைக் காலத்தில் சில பட்டறைகளில் காமிகள் தங்கள் சொந்தக் குறியை அலகில் பொறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் குக்ரிகளுக்கு எழுதும் குறிப்புகளில் ஏந்திய படைவீரரின் பெயரோடு, செய்த ஊரையும் தொழிலையும் சேர்த்து எழுத வேண்டும். குக்ரி வாங்குகிற எவரும் அதைச் செய்தவரின் குறியைக் கேட்டு, அலகில் பொறிக்கச் சொல்லி வாங்க வேண்டும், உறைக்கும் அப்படியே.